ஏஞ்சல் மீன் மேல் கொலைப்பழி

அத்தியாயம் ஆறு

"கொலை, அபாய்! அஞ்சு கொலை!"

கதவைத் தட்டக்கூட இல்லை. இமையில் பனி, மூக்கு நுனி தக்காளிச் சிவப்பு, வயசு இருபத்து நாலுக்குள் இருக்கும். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. எங்கள் கரகந்தா நகரில் பிப்ரவரி மாதம் ஒரு பெண் கோட்டுப் பொத்தானைப் போடாமல் ஓடி வந்தால் ஒன்று காதல், இல்லை கொலை. நான் பேனாவைத் திறந்தேன்.

ஷரிபா அபாய் டீக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இங்கே வயதில் மூத்த பெண்ணை அபாய் என்றும் ஆணை அகா என்றும் கூப்பிடுவோம். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஒரு வீட்டு நடையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைச் சொல்லிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செருப்புத் தைக்கிற கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இந்தத் துப்பறியும் நிலையத்தைத் திறந்தார். நான் எதிக் ஒகாய், உதவியாளன், இந்த ஊர்க் கொரியன். கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது மூன்றும் என் வேலை. மூன்றாவது மட்டும் இன்னும் கைவரவில்லை.

"உக்காரு கண்ணு. செத்தது யாரு?"

"பார்ப் மீன்."

பேனாவை மூடினேன். "எங்க வீட்டுல மீன் காணாமப் போனா முதல்ல சாலட்லதான் தேடுவோம்."

"எதிக்!"

"சும்மா ஒரு துப்பு கொடுத்தேன், அபாய்."

அந்தப் பெண் பெயர் மர்ஜான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். அவள் அப்பா ஒராஸ்பெக் நாலு வருஷமாக வீட்டில் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கிறார். அதில் எட்டு பார்ப் மீன். விரல் நீளம், ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை. டிசம்பரில் அவளைக் கேட்டு வந்த பையன் எர்மெக், வருங்கால மாமனாருக்கு முதல் அன்பளிப்பாக இரண்டு ஏஞ்சல் மீன் கொண்டு வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து அவளுக்குக் காதணி போட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பார்ப் மூன்றுதான்.

"அஞ்சையும் ஏஞ்சல்தான் தின்னுடுச்சுங்கறார் அப்பா. அதாவது எர்மெக் கொடுத்த மீன் தின்னுடுச்சாம். இப்படி ஒரு கொலைகாரனை என் வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டவனுக்கா என் பொண்ணுன்னு கத்துறார். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்க கல்யாணத் தேதி பேச வராங்க. வந்தா அந்த ரெண்டு மீனையும் ஜாடியில போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டு, பொண்ணும் இல்லைன்னு சொல்லப் போறாராம்!"

சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

"அபாய், அந்த மீன் அப்படிச் செய்யலை. எனக்குத் தெரியும். அது மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்." அழுதுவிட்டாள்.

ஷரிபா அபாய் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவர் மீதி டீயை அப்படிக் குடித்தால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

"எதிக், வண்டியச் சூடு பண்ணு. நம்ம கட்சிக்காரருக்கு ரெண்டு துடுப்பு இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

*

ஐந்தாவது மாடி. கதவைத் திறந்தவர்தான் ஒராஸ்பெக். அறுபத்தொரு வயது. சுரங்கத்தில் காற்றோட்ட இன்ஜினியராக இருந்தவர். மேலே இருக்கிறவன் மூச்சு விடுவதைவிடக் கீழே இருக்கிறவன் மூச்சு விடுவது முக்கியம் என்று முப்பது வருஷம் கவலைப்பட்டே முகம் சுருங்கிப்போன மனுஷன்.

"மீனுக்குத் துப்பறியவா வந்திருக்கீங்க?"

"மீட்டர் பார்க்கவும் வருவேன், அகா. வழி விடுங்க."

தொட்டி ஒரு சுவர் முழுக்க இருந்தது. பார்த்ததும் என் வாயே மூடிக்கொண்டது. பச்சைச் செடிக்குள் நீலமும் சிவப்புமாக மின்னும் பொடி மீன் நியான், எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. தரையில் மோப்பம் பிடித்துத் திரியும் மீசைக் கெளுத்திக் குட்டிகள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் டேங்க் கிளீனர் மீன். நடுவில் மூன்று பார்ப், பஸ் ஸ்டாண்டு ரவுடி மாதிரி. மூலையில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்தபடி, தட்டையாக, வெள்ளியாக, நம் குற்றவாளிகள் இரண்டு பேர்.

தொட்டிக்கு மேலே சுவரில் கையால் கட்டம் போட்ட அட்டவணை. எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப்போகும் என்பதற்குப் பச்சை டிக்கும் சிவப்புப் பெருக்கலும். ஏஞ்சலுக்கும் பார்ப்புக்கும் நேராகப் பெரிய பெருக்கல்.

"இது முன்னாடியே இருந்ததா?" என்றார் அபாய்.

"நாலு வருஷமா இருக்கு. ஒத்துப்போகாதுன்னு தெரியும். மாப்பிள்ளையாகப் போறவன் கையில கொண்டாந்து கொடுக்கிறதை வேணாம்னு சொல்ல முடியுமா? வாங்கி உள்ள விட்டேன். என் தப்பு."

அட்டவணையின் கடைசி வரி மட்டும் புது மையில் இருந்தது. நான் கிட்டப் போய்ப் படித்தேன். 'எர்மெக்' என்று எழுதி, 'மர்ஜான்' என்ற கட்டத்துக்கு நேராகச் சிவப்புப் பெருக்கல்.

"அகா, இதுல டேங்க் கிளீனருக்கும் மர்ஜானுக்கும் டிக் போட்டிருக்கீங்களே. சம்பந்தம் பேசிடலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அபாய் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் அசையவில்லை. பிறகு, "எதிக், ஏஞ்சலோட வாய் எவ்வளவு பெருசு?"

பார்த்தேன். "ஒரு சூரியகாந்தி விதை போகும். உரிச்சுக் கொடுக்கணும்."

"ஒரு பார்ப்போட வயிறு?"

"இறைச்சி வெச்ச கொழுக்கட்டை அளவு இருக்கு."

"முழுசா ஏன் முழுங்கணும்?" ஒராஸ்பெக் குறுக்கே வந்தார். "கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுத் தின்னிருக்கும்!"

"சரி, அகா. அப்படிப் பசி வந்த மீன், வாய்க்குள்ள அப்படியே வழுக்கிட்டுப் போற சைஸ்ல பன்னிரண்டு நியான் முன்னாடி மேயும்போது, அதுல ஒண்ணைக்கூடத் தொடாம, தன் உயரத்துக்கு இருக்கிற ரவுடிகளைப் பிடிச்சுக் கடிச்சுத் தின்னுச்சா? தட்டுல இருக்கிற பவுர்சாக் பணியாரத்தை விட்டுட்டு மேசைக் காலைத் தின்ன கதையா இருக்கே!"

ஒராஸ்பெக் வெற்றியோடு விரலை நீட்டினார். "அப்ப அந்தத் துடுப்பு? ஏஞ்சலோட துடுப்பெல்லாம் கிழிஞ்சு கிடக்கே! சண்டை நடந்திருக்கு. பாவம், என் பார்ப் சாகறதுக்கு முன்னாடி போராடியிருக்கு!"

உண்மைதான். ஏஞ்சலின் அழகே நூல் போல் நீண்டு தொங்கும் துடுப்புகள்தான். இப்போது அவை எலி கடித்த ஜன்னல் திரை மாதிரி இருந்தன.

"மர்ஜான், ஞாயித்துக்கிழமை இந்தத் துடுப்பு எப்படி இருந்துச்சு?"

அவள் போனை நீட்டினாள். காதணி போட்ட பிறகு எடுத்த படம். மணி நாலு பத்து. காதில் முத்து ஆட அவள் தொட்டி முன்னால் நிற்கிறாள். பின்னால் ஏஞ்சல் இரண்டும் துடுப்பு முழுசாக, ராணி மாதிரி மிதக்கின்றன. பார்ப்பை எண்ணினேன். எட்டு.

"கிழிய ஆரம்பிச்சது எப்ப?"

"திங்கட்கிழமை மத்தியானம் கொஞ்சம். நேத்து நிறைய. இப்ப இப்படி."

"அகா, செத்துப்போன அஞ்சு பார்ப் செவ்வாய், புதன் எல்லாம் வந்து கடிச்சிட்டுப் போகுதா?"

ஒராஸ்பெக் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

அபாய் எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "எங்க பழைய ஆபீஸ்ல மீட்டர் பார்க்கிற பொம்பளைங்க எட்டுப் பேர் இருந்தோம். நாள் முழுக்க எங்களுக்குள்ளயே சண்டை. அடுத்த அறைக்காரங்க நிம்மதியா இருந்தாங்க. அஞ்சு பேரை வேற கிளைக்கு மாத்தினாங்க. மிச்சம் மூணு பேருக்குச் சண்டை பத்தலை. அடுத்த அறைக்குப் போயிட்டோம். பார்ப்பும் அதே சாதிதான், அகா. கூட்டமா இருந்தா ஒண்ணையொண்ணு துரத்தும். கூட்டம் குறைஞ்சா ஊரைத் துரத்தும். முதல்ல அஞ்சு போச்சு. அப்புறம்தான் துடுப்பு கிழிஞ்சது. இந்த ரெண்டும் கொலைகாரங்க இல்லை, அடி வாங்கினவங்க."

மர்ஜான் துள்ளிக் குதித்து அபாயைக் கட்டிக்கொண்டாள். ஒராஸ்பெக்கின் முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. எனக்கு அது வினோதமாகப் பட்டது. தன் தொட்டியில் கொலைகாரன் இல்லை என்று தெரிந்தால் மனுஷன் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாமா? இவர் கையில் இருந்த கடைசிச் சாக்கையும் பறித்துவிட்டோம் என்பதுபோல் நின்றார். மீன் குற்றவாளியாக இருப்பதில் அவருக்கு ஏதோ வசதி இருந்திருக்கிறது.

"அப்படின்னா என் அஞ்சு மீனை ஒருத்தன் திருடியிருக்கான்," என்றார் மெதுவாக. "யாரு?"

*

சமையலறையில் மர்ஜானின் அம்மா குல்ஷாரா எங்களுக்குப் பால் டீ ஊற்றினார். அபாய் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "ஞாயித்துக்கிழமை விருந்துல உங்களுக்கு மனசு உறுத்தின விஷயம் என்ன?"

விருந்து வைத்த ஒரு பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வி. அணை உடைந்தது.

"நல்லாக் கேட்டீங்க! ரெண்டு ஸ்பூனும் ஒரு கிண்ணமும் காணோம். அது பரவாயில்லை. பொண்ணு வீட்டுல இருந்து சம்பந்தி ஏதாவது திருடிட்டுப் போனாத்தான் ராசி. நான் நல்ல ஸ்பூனா எடுத்து வாசல்கிட்டயே வெச்சிருந்தேன், சிரமப்படாம எடுத்துக்கட்டும்னு. ஆனா துர்சுன் அகா பண்ணினது இருக்கே!"

"மாப்பிள்ளையோட அப்பாவா?"

"அவரேதான். போறப்ப எடுத்துட்டுப் போகட்டும்னு ஒவ்வொருத்தருக்கும் பலகாரம் பை கட்டி முன்னாடியே நடையில வெச்சிருந்தேன். பவுர்சாக், மிட்டாய், குதிரைக் கறி. எல்லாரும் பையோட போனாங்க. இவர் என்ன பண்ணியிருக்கார்? உள்ள இருந்த பலகாரத்தையெல்லாம் செருப்பு அலமாரி மேல கொட்டிட்டு, வெறும் பையை எடுத்துட்டுப் போயிருக்கார்! என் கைப் பலகாரம் செருப்பு மேல! பைக்குப் பஞ்சமா அவர் வீட்டுல?"

நான் அபாயைப் பார்த்தேன். அபாய் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"வேற?"

"வேறென்ன, மாவுச் சல்லடையை எவளோ கழுவி வெச்சிருக்கா. சொட்டச் சொட்ட ஈரம். ஓட்டையெல்லாம் மாவு பசையா ஒட்டிப் பாழ். சல்லடையை யாராவது தண்ணியில முக்குவாங்களா? தட்டி வைக்கணும்னு தெரியாதா? அதுல ஒரு பச்சை இலை வேற ஒட்டிட்டிருந்துச்சு. கொத்தமல்லின்னு நினைச்சேன்."

"கொத்தமல்லி வாசனை வந்துச்சா?"

குல்ஷாரா யோசித்தார். "பாசி வாசனை வந்துச்சு."

"மர்ஜான், வாசல்ல எல்லாரும் விடைபெறும்போது படம் எடுத்தியா?"

எடுத்திருந்தாள். மணி ஆறரை. கட்டட வாசலில் பனி. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வெள்ளை மூச்சு. பதினோரு தலையில் பதினோரு தொப்பி. நடுவில் மலை மாதிரி ஒரு ஆள், வெறும் தலையோடு. தன் நரித்தோல் தொப்பியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே கைக்குழந்தை தூங்குகிற மாதிரி.

"மைனஸ் இருபத்தெட்டுல," என்றேன். "எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் தொப்பியைக் கையில பிடிச்சிட்டுப் போனார். இப்ப அவருக்கு ஒண்ணரைக் காதுதான்."

"பலகாரம் இல்லாத பை, தொப்பி இல்லாத தலை, ஈரச் சல்லடை," என்றார் அபாய். "பையில தண்ணி, தண்ணியில சல்லடையால அள்ளின மீன், மீன் குளிர்ல விறைக்காம இருக்க நரித்தோல். எல்லாரும் காதணி போடறதைப் பார்க்க தொட்டி இருக்கிற அறையில கூடியிருந்தாங்க. படம் பிடிச்சாங்க, அழுதாங்க. அப்புறம் மறுபடி சாப்பாட்டு மேசைக்குப் போனப்ப இவர் கை கழுவப் போறேன்னு போயிருக்கார்."

நடைக்கு வந்து பூட்ஸ் மாட்டும்போது நான் குரலைத் தாழ்த்தினேன். "அபாய், கெட்டது குடி. மீனைக் காப்பாத்தி மாப்பிள்ளையோட அப்பாவை மாட்டி விட்டுட்டோம். மீன் கொலைகாரன்னாலே கல்யாணம் இல்லைங்கறவர், சம்பந்தியே திருடன்னு தெரிஞ்சா..."

பின்னால் ஒரு கோட்டு உரசும் சத்தம். திரும்பினேன். ஒராஸ்பெக் ஏற்கெனவே தொப்பி போட்டுவிட்டார்.

"போகலாம்," என்றார். "அஞ்சு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நானே போறேன்."

"அழைக்காம சம்பந்தி வீட்டுக்கா!" குல்ஷாரா நெஞ்சில் கை வைத்தார்.

"திருடன் வீட்டுக்குப் போக அழைப்பு எதுக்கு?"

மர்ஜான் கதவோரம் நின்றாள். அவள் அங்கே வர முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வாசலை மிதிக்கக்கூடாது. என் கோட்டுக் கையை மட்டும் பிடித்தாள். "ஏதாவது ஜோக் சொல்லி நிறுத்துங்க," என்றாள். என் வாய்க்கு ஒருத்தர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

*

என் பழைய நிவா காரில் ஒராஸ்பெக் வழி நெடுக ஒத்திகை பார்த்தார். சம்பந்தியை இங்கே 'குதா' என்போம்.

"குதா, நீங்க என் உப்பைத் தின்னு... இல்லை. குதா, ஸ்பூன் திருடுவாங்க, கிண்ணம் திருடுவாங்க, உயிரைத் திருடுவாங்களா... ஆங், இது நல்லாருக்கு. உயிரைத் திருடுவாங்களா!"

"கொஞ்சம் கண்ணை உருட்டணும், அகா," என்றேன். அபாய் பின் சீட்டிலிருந்து என் தலையில் ஒன்று வைத்தார்.

துர்சுன் ரொட்டி ஆலையில் லாரி ஓட்டுகிறவர். கதவைத் திறந்ததும் வாசல் நிலை முழுக்க அவர்தான் இருந்தார். சம்பந்தியைப் பார்த்த அடுத்த நொடி அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"குதா! சவுலே, யாரு வந்திருக்கார் பாரு! குதா வந்திருக்கார், அழைக்காமலே! சொந்த வீடு மாதிரி!"

"நான் வந்தது எதுக்குன்னா..." ஒராஸ்பெக் ஆரம்பித்தார்.

"எதுக்கா இருந்தா என்ன! மேல வாங்க, மேல!"

ஒரு நிமிஷத்தில் அவர் கோட்டு கழன்றது. இரண்டாவது நிமிஷத்தில் அறையின் தலைமை இடத்தில், முதுகுக்கு மூன்று தலையணையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நிமிஷத்தில் துர்சுனின் மனைவி சவுலே ஆவி பறக்கும் இறைச்சித் தட்டோடு வந்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் காலையிலேயே சமைத்து வைத்திருக்கிறார்கள்.

"குதா, ஸ்பூன் திருடுவாங்க, கிண்ணம் திருடு..."

துர்சுன் ஒரு கைப்பிடி கறியை அள்ளிச் சம்பந்தியின் வாயில் ஊட்டிவிட்டார். பெரிய மரியாதை அது. துப்ப முடியாது. துர்சுனின் கைப்பிடி என்பது வேறு ஒருத்தரின் மதியச் சாப்பாடு. ஒராஸ்பெக் மென்றார். கண் உருண்டது, நான் காரில் சொன்னபடியே. விழுங்கி முடித்து, "உயிரைத் திரு..." என்றதும் இந்தப் பக்கத்திலிருந்து சவுலேயின் கை வந்தது.

"சாப்பிடுங்க குதா, இளைச்சுட்டீங்க!"

மனுஷனுக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. அவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னொரு கைப்பிடி கொடுத்தார்கள். நான் சிரிப்பை அடக்க ஒரு முழு பவுர்சாக்கை வாயில் திணித்துக்கொண்டேன்.

அபாய் மட்டும் உட்காரவில்லை. நடைச் சுவரில் இருந்த பழைய மீட்டர் முன்னால் நின்று கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என்று நினைத்தேன். அவர் சமையலறையை எட்டிப் பார்த்தார், திரும்ப வந்து மீட்டரைப் பார்த்தார்.

"துர்சுன் அகா, டிவி ஓடலை. பகல்ல விளக்கு இல்லை. ஃப்ரிட்ஜும் இப்ப நின்னிருக்கு. ஆனா உங்க மீட்டர் சக்கரம் சுத்திட்டே இருக்கே. சுமார் நூறு வாட் எதுவோ எரியுது."

துர்சுனின் கை, கறியோடு பாதி வழியில் நின்றது.

"நூறு வாட்ல மனுஷனுக்கு ஒண்ணும் காயாது," என்றார் அபாய். "மீன் தொட்டித் தண்ணி காயும். மூடியிருக்கிற அந்தக் கதவு எந்த அறை?"

துர்சுனின் முகம் காதுவரை சிவந்தது. அந்த மலை அப்படியே குறுகி, ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஆனது. சவுலே கணவனை முழங்கையால் இடித்தார். "அப்பவே சொன்னேன், ஸ்பூன் எடுத்துக்கன்னு."

ஒராஸ்பெக் எழுந்துவிட்டார். வாய் காலியாக இருந்தது. ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் தயாராக இருந்தது. நேராகப் போய் அந்தக் கதவைத் திறந்தார்.

புதுச் சுவர்த்தாள் வாசனை. புதுக் கட்டில், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. பையனுக்கும் பெண்ணுக்கும் தயாராகிற அறை அது. ஜன்னலோரம், கட்டிலில் படுத்தால் நேரே தெரிகிற மாதிரி, ஒரு புதுத் தொட்டி. ஹீட்டர், விளக்கு, இரண்டு கொத்துச் செடி. உள்ளே ஐந்து பார்ப், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு.

ஒராஸ்பெக் பின்னால் திரும்பாமலே கேட்டார். "ஏன்?"

"குதா, என்னை மன்னிச்சிடுங்க," என்றார் துர்சுன். "பொண்ணு வீட்டுல இருந்து ஏதாவது எடுத்துட்டு வரணும்ல? ஸ்பூன் எடுக்கத்தான் போனேன். எர்மெக் சொல்லியிருந்தான், மர்ஜான் எட்டு மீனுக்கும் பேர் வெச்சிருக்கா, தினம் காலையில ஒவ்வொண்ணா விசாரிச்சிட்டுத்தான் வேலைக்குப் போவான்னு. எனக்கு எங்க வீட்டுக்காரி இங்க வந்த முதல் நாள் ஞாபகம் வந்துச்சு. காலையில எழுந்து சுவரையே பார்த்துட்டு உக்கார்ந்திருந்தா. சுத்தி எல்லாம் எங்க சாமான், எங்க ஆளுங்க. மூணு மாசம் அழுதா. நான் மடையன், என்னன்னே புரியலை. உங்க பொண்ணு இங்க கண்ணு முழிக்கும்போது தெரிஞ்ச அஞ்சு மூஞ்சியாவது இருக்கட்டுமேன்னு தோணுச்சு. எட்டும் எடுக்கத்தான் பார்த்தேன். மூணு மீன் ஃபில்டருக்குப் பின்னாடி போயிடுச்சு, அதுக்குள்ள விருந்துல வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுட்டாங்க."

சவுலே தலைக்குட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். அவரும் இதை இப்போதுதான் கேட்கிறார் போல. "மூணு மாசம் இல்லை, நாலு," என்றார்.

நான் ஜோக் சொல்ல வேண்டிய இடம் அது. மர்ஜான் கேட்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒராஸ்பெக் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கண்ணாடியில் விரலை வைத்தார். ஐந்தும் விரலை நோக்கி ஓடி வந்தன. தெரிந்த விரல்.

"ஏஞ்சல் திங்கலைன்னு எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அதோட வாய்க்குள்ள போகாதுன்னு தெரியாதா எனக்கு? நாலு வருஷமா மீன் வளர்க்கிறேன். ஏதோ ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு. அவ போயிட்டா எங்க வீட்டுல காலையில யாரு பேசுவாங்கன்னு நினைச்சேன்."

துர்சுன் மூக்கை உறிஞ்சும் சத்தம் லாரி ஹாரன் மாதிரி கேட்டது.

பிறகு ஒராஸ்பெக்கின் முதுகு நிமிர்ந்தது. ஹீட்டரின் முள்ளைப் பார்த்தார். இன்ஜினியர் திரும்பி வந்துவிட்டார்.

"குழாய்த் தண்ணியைக் குளோரின் போக எத்தனை நாள் வெச்சு ஊத்தினீங்க?"

"மூணு நாள், குதா."

"மீனைக் கொண்டாந்த அன்னிக்குத் தொட்டியில பழந்தண்ணி ஏது?"

"தொட்டியைப் போன வாரமே நிரப்பிட்டேன். வாங்கலாம்னு இருந்தேன், கடையில. அப்புறம்தான் இந்த யோசனை."

"ம்." அது பாராட்டு என்று எனக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. "ஆனா அஞ்சு பத்தாது. இதுங்களும் கெட்டுப் போகும், அங்க இருக்கிற மூணும் கெட்டுப் போகும். நாளைக்கே அந்த மூணையும் கொண்டாறேன். பிரிச்சு வைக்கக்கூடாது. புதுத் தொட்டி பழக மூணு வாரம் ஆகும். அதுக்கப்புறம் வர்ற எந்தச் சனிக்கிழமை வேணும்னாலும் கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

துர்சுன் கட்டிப்பிடிக்க வந்தார். ஒராஸ்பெக் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. நீங்க லாரி ஓட்டுறவர். உங்களுக்குத் தண்ணி மாத்தத் தெரியாது. பாதியை ஒரேயடியா மாத்தி எல்லாத்தையும் கொன்னுடுவீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மூணுல ஒரு பங்கு மாத்தணும். அதை நான் வந்து மாத்துவேன்." குரல் இறங்கியது. "வரலாம்ல?"

துர்சுன் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், நடைக்கு ஓடினார், திரும்பி வந்தார். சம்பந்தியின் உள்ளங்கையை விரித்து, அதில் தன் வீட்டுச் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.